எட்வர்டு வில்சன்: பனிநிலத்துப் புள்ளாய்வாளர்

பனி என்னுஞ் சொல் தமிழ்நாட்டார்க்கு இன்பமே தருவது. மார்கழி வைகறையிற் புல்நுனியில் நின்று, ஞாயிறு தோன்றிய சில நாழிகைக்குள் மறைந்தொழியும் நீர்த்துளியையே நாம் பனியென்கின்றோம். முன்பனி, பின்பனி எனப் பருவம் இரண்டினை நம் முன்னோர் வகுத்ததும் அத்துளி கருதியே. வாடைக் காலத்திற் பறவைகள் குளிர் பொறாது வீழ்ந்தன என நெடுநல்வாடையிற் பயிலும் மாணவர், குளிரின் கொடுமைக்கு அதுவே எல்லையென எண்ணுவர். ஆயின், கடலே கல்லென இறுகி, நான்கு திங்கள் ஞாயிறு முகங்காட்டாது, வாயினின்றெழும் மூச்சும் உறைந்து தாடியிற் பனிக்கட்டியாய்த் தொங்கும் நிலமொன்று உலகத்தில் உண்டு. அந்நிலத்தில், அவ்விருட்காலத்தில், உறைபனிமீது நின்றவாறே முட்டையை அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும் பறவையும் ஒன்றுண்டு. அப்பறவையின் வாழ்வை அறிதற்பொருட்டுத் தம் உயிரையும் பொருட்படுத்தாது சென்ற ஒரு சான்றோரின் வரலாற்றையே ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுகின்றேன்.

பிறப்பும் இளமையும்

எட்வர்டு ஏட்ரியன் வில்சன் 1872-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 23-ஆம் நாள் இங்கிலாந்து தேயத்துச் செல்ட்டனம் நகரிற் பிறந்தார். தந்தையார் அந்நகரில் மருத்துவத் தொழில் புரிந்து நன்மதிப்புற்றவர். நகர்க்கு அண்மையிற் குன்றின் சாரலில் ஒரு பண்ணையை அவர்தங் குடும்பத்தார் குத்தகைக்கு எடுத்திருந்தனர். அப்பண்ணையும் அதனைச் சூழ்ந்த காடும் வேலியுமே வில்சனார்க்கு முதற் பள்ளிக்கூடமாயின. புட்களின் குரலைக் கேட்பதிலும், அவற்றின் கூடுகளை நாடிக் காண்பதிலும், கண்டவற்றை உடனே தாளில் வரைவதிலும் அவர் பெருவிருப்புக் கொண்டிருந்தார். ஓவியக் கலையை அவர்க்கு முறையாகக் கற்பித்த ஆசிரியர் எவருமிலர். கண்ணே அவர்க்கு ஆசிரியர், பொறுமையே பாடநூல்.

1891-ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கான்வில்-கீஸ் கல்லூரியிற் சேர்ந்து, 1894-இல் இயற்கை அறிவியற் றேர்வில் முதல் வகுப்பிற் றேறினார். பின்னர் இலண்டன் மாநகரஞ் சென்று, செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையிற் பயின்றார். மருத்துவம் பயிலுங்கால் ஓய்வு கிடைத்த மாலைகளில், பாட்டர்சி என்னும் வறியோர் சேரியிற் சிறுவர்க்குத் தொண்டு புரிந்துவந்தார். அளவிறந்த உழைப்பும், குறைந்த உணவும், நகரத்துப் புகையும் அவருடலை வருத்தின. 1898-இல் நுரையீரலிற் காசநோய் கண்டது. அக்காலத்தில் அந்நோய்க்குத் தூய காற்றும் ஓய்வுமன்றி மருந்தில்லை. ஆகவே நார்வேக்கும் சுவிட்சர்லாந்துக்கும் அனுப்பப்பெற்றார். பனிமூடிய அம்மலைச் சாரலில் நோயாளராய்க் கிடந்த காலத்தும் அவர் கையிற் பென்சில் இருந்தது. நோய் தணிந்து மீண்டு, 1900-இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

முதற் பயணம்

அக்காலை, தென்துருவக் கண்டத்தை ஆராய்தற்பொருட்டுக் காப்டன் ஸ்காட் என்பார் தலைமையில் 'டிஸ்கவரி' என்னுங் கப்பல் புறப்படவிருந்தது. மருத்துவராகவும், உயிர்நூலாராகவும், ஓவியராகவும் ஒருங்கே பணிபுரியத் தக்க ஒருவரை ஸ்காட் நாடினார். அம்மூன்று தகுதியும் வில்சனாரிடம் அமைந்திருந்தன. ஆயின், நோயுற்ற நுரையீரலைச் சுட்டி மருத்துவக் குழுவினர் அவரைத் தகுதியற்றவரெனத் தீர்ப்பளித்தனர். தம் நோயை அவர்தாமே மறையாது குழுவினர்க்கு எடுத்துரைத்திருந்தார் என்பது நாம் கருதத்தக்கது. ஸ்காட் அத்தீர்ப்பையுங் கடந்து அவரை ஏற்றுக்கொண்டார். 1901 ஜூலை 16-ஆம் நாள் ஒரியானா சூப்பர் என்னும் நங்கையை வில்சனார் மணந்தார்; மூன்று வாரம் கழித்துக் கப்பலேறினார்.

ஆங்கு அவர் உள்ளத்தைக் கவர்ந்த பறவை பேரரசப் பெங்குவின் என்பதாகும். பெங்குவினங்களுள் இதுவே பெரியது. நிமிர்ந்து நிற்குங்கால் மூன்றரையடிக்கு மேல் உயரமுடையது. சிறகுகள் துடுப்புகளாய் மாறியமையாற் பறவாது. கடலில் மீனினும் விரைந்து நீந்தும். இப்பறவை எங்கே, எக்காலத்திற் குஞ்சு பொரிக்கின்றதென்பது அதுகாறும் ஒருவரும் அறியாத மறைபொருளாயிருந்தது. 1902 அக்டோபரில், கப்பலின் பொறியாளரும் புகைப்படம் எடுப்பவருமாகிய ஸ்கெல்ட்டன் என்பார், குரோசியர் முனையின் பனிச்சுவரடியில் இப்பறவைகள் கூட்டங்கூட்டமாய் நிற்றலைக் கண்டு, குஞ்சுகளோடு அவற்றைப் படமும் பிடித்தார். பேரரசப் பெங்குவின் குடியிருப்பை மாந்தர் கண்டது அதுவே முதன்முறை.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் வில்சனாரே அவ்விடஞ் சென்றார். இளவேனிற் றொடக்கத்தில் முட்டைகளைக் காணலாமென எண்ணிச் சென்றவர்க்கு ஆங்கே வியப்பொன்று காத்திருந்தது. குஞ்சுகள் முன்னரே பொரித்து வளர்ந்திருந்தன. ஆயின், முட்டையிடும் காலம் எது? நாட்களைப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தார். ஞாயிறு முற்றும் மறைந்த நடுக்குளிர்காலத்திலேயே இப்பறவை அடைகாக்கின்றதென்னும் முடிவு தோன்றிற்று. பிற புட்களெல்லாம் வெப்பம் நாடி வடக்கே செல்லுங் காலத்தில், இஃதொன்று மட்டும் தெற்கே வந்து பனிமேல் முட்டையிடுகின்றது! கூடு கட்டுதற்குச் சுள்ளியுமில்லை, கல்லுமில்லை. தன் இரு பாதங்களின்மேல் ஒற்றை முட்டையை ஏந்தி, வயிற்றுத் தோலின் மடிப்பால் அதனை மூடி நிற்கின்றது. அடைகாப்பது ஆண் பறவையே என்பதும், இரண்டு திங்களுக்கு மேல் அஃது உணவின்றி நின்று காக்கின்றதென்பதும், 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அடேலி நிலத்தில் குளிர்காலம் முழுதும் தங்கிய பிரெஞ்சு ஆய்வாளர்களால் தெளிவாயின. அவர்க்கெல்லாம் வழிகாட்டி வில்சனாரின் குறிப்புகளே.

இப்பயணத்திலேயே ஸ்காட், ஷாக்கிள்ட்டன் ஆகிய இருவரோடு தெற்கு நோக்கி நடந்து, 1902 டிசம்பர் 30-ஆம் நாள் 82 பாகை 17 கலை வரை சென்றார். அதுவரை எவருஞ் சென்றிராத எல்லை அது. அவ்வழி நெடுகக் கண்ணாடியை அகற்றி மலைத்தொடரை வரைந்தமையால், பனியொளி தாக்கிக் கண் குருடுபட்டு வருந்தினார். கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டியிழுத்த நாட்களும் உண்டு. கண் தெளிந்தவுடன் மீண்டும் வரையத் தொடங்கினார்.

அவர் வரைந்த முறை

புகைப்படக் கருவி இருக்கவும் ஓவியம் எற்றுக்கு என்னும் ஐயம் எழலாம். அக்காலத்துப் படத்தகடுகள் வண்ணத்தைக் காட்டும் ஆற்றலுடையன அல்ல. கருமையும் வெண்மையுமே காட்டுவன. பனிப்பாறையின் நீலத்தையும், நள்ளிரவு வானின் ஊதாவையும், பேரரசப் பெங்குவினின் கழுத்திற் பொலியும் பொன்மஞ்சளையும் பதியவைக்கும் வழி ஓவியன் கையொன்றே. வெளியிலோ வண்ணக் குழம்பு தூரிகையிலேயே உறைந்துவிடும். ஆகவே வில்சனார் பென்சிலால் விரைந்து வரைந்து, எவ்விடத்து எவ்வண்ணம் என்பதைச் சொற்களாற் குறித்துக்கொள்வார். கையுறையைக் கழற்றிய சில நொடியில் விரல்கள் மரத்துப்போம். மீண்டும் உறையிலிட்டுச் சூடேற்றி, மறுபடியும் சில கோடுகள் வரைவார். பின்னர்க் குடிலில், விளக்கொளியில், அக்குறிப்பின் துணையால் வண்ணந் தீட்டுவார். கண்டதன்றி ஒரு கோடும் மிகுதியாய் இடலாகாதென்பது அவர் கொள்கை.

1904-இல் நாடு திரும்பிய பின்னரும் அவர் புட்களை விட்டு நீங்கினாரல்லர். ஸ்காட்லாந்து தேயத்துக் கிரௌஸ் என்னுங் காட்டுப் பறவைகள் கூட்டமாய் மடிந்தமையின் காரணத்தை ஆராய அமைந்த குழுவிற்கு அவர் களஆய்வாளரானார். ஏறத்தாழ 2,000 பறவைகளை அறுத்து ஆராய்ந்து, குடலில் வாழும் நூற்புழுவே நோய்க்கு முதலென நிறுவினார். அவ்வாராய்ச்சி நூல் 1911-இல் வெளிவந்தபோது, அதன் ஆசிரியர் மீண்டும் தென்துருவக் கண்டத்தின் இருளில் இருந்தார்.

இரண்டாம் பயணமும் புகைப்படக் கலைஞரும்

1910 ஜூன் திங்களில் ஸ்காட்டின் இரண்டாம் கப்பலாகிய 'டெர்ரா நோவா' புறப்பட்டது. வில்சனார் இப்போது அறிவியற் பகுதிக்குத் தலைவர். இளையோரெல்லாரும் அவரைப் பில் மாமா என்றே அழைத்தனர். பிணக்குற்றார் இருவர் அவரிடஞ் சென்றால் நண்பராய்த் திரும்புவர் எனக் கூடவிருந்தோர் குறித்துள்ளனர். நாடோறும் தனித்திருந்து இறைவனை வழிபடுவது அவர் வழக்கம். கப்பலிற் பாய்மரத்தின் உச்சியிலுள்ள காவற் கூண்டே அவர்க்குச் செபவீடாயிற்று. ஆயினும் தம் பத்தியைப் பிறர்முன் எடுத்துக்காட்டினாரல்லர். பணிவிடையிலேயே அது புலப்பட்டது.

அக்கூட்டத்தில் ஹெர்பர்ட் பாண்ட்டிங் என்னும் புகைப்படக் கலைஞரும் இருந்தார். பனிநிலத்துப் புட்களைப் படம்பிடித்தல் எத்துணை அரிதென்பதை அவர் வரலாற்றால் அறியலாம். கனத்த கருவியையும் கண்ணாடித் தகடுகளையும் சறுக்கு வண்டியில் ஏற்றித் தாமே இழுத்துச் செல்வார். கண்ணாடி வில்லையின்மேல் மூச்சுப்பட்டால் அஃது உடனே பனித்திரையாய் உறையும், துடைத்தாலும் நீங்காது. வெறுங்கையால் உலோகத்தைத் தொட்டால் நெருப்பைத் தொட்டாற்போலத் தோலுரியும். ஒருகால் அவர் நாவின் நுனி கருவியின் உலோகத்திற் பட்டு ஒட்டிக்கொண்டது. தோலை அங்கேயே விட்டுத்தான் விலக நேர்ந்தது. வெளியினின்று கருவியை வெப்பமுள்ள குடிலுட் கொணர்ந்தால் அதன்மேல் நீர்த்துளி படிந்து கெடும். ஆகவே பல கருவிகளை வெளியிலேயே வைத்திருந்தார். இவ்வளவு இடர்க்கிடையே, பெங்குவின்கள் முட்டையிடுதல், குஞ்சுக்கு உணவூட்டல், ஸ்கூவா என்னுங் கடற்புள் முட்டை கவர்தல் ஆகியவற்றைப் புகைப்படமாகவும் அசையும் படமாகவும் எடுத்தார். வில்சனாரின் ஓவியமும் பாண்ட்டிங்கின் படமும் ஒன்றையொன்று நிறைவித்தன. ஒன்று வண்ணத்தையும், மற்றொன்று அசைவையும் காத்தது.

குளிர்காலப் பயணம்

இனி, வில்சனாரின் வாழ்வில் தலைமையான பகுதிக்கு வருவோம். பறவைகள் ஊர்வனவற்றினின்று தோன்றின என்பதும், ஓருயிரின் கரு தன் முன்னோரின் படிகளைத் தானும் கடந்து வளர்கின்றதென்பதும் அக்காலத்து அறிஞர் பலர் கருத்து. பேரரசப் பெங்குவினே பறவைகளுள் மிகத் தொன்மையானது எனவும் எண்ணினர். ஆகவே அதன் முட்டையிலுள்ள இளங்கருவை ஆராய்ந்தால், செதிள் இறகாய் மாறிய வரலாறு விளங்குமென வில்சனார் நம்பினார். முட்டையைப் பெறவேண்டுமாயின் நடுக்குளிர்காலத்திற் குரோசியர் முனைக்குச் செல்லல் வேண்டும். அதுவரை அக்கண்டத்தின் குளிர்கால இருளில் அத்தகைய நெடுவழி சென்றார் எவருமிலர்.

1911 ஜூன் 27-ஆம் நாள், வில்சனாரும், பௌவர்ஸ், செர்ரி-கராட் என்னும் இளைஞர் இருவரும் எவன்ஸ் முனையினின்று புறப்பட்டனர். இரண்டு சறுக்கு வண்டிகளில் 757 இராத்தல் பொருளை மூவரே இழுத்தனர். செல்லவேண்டிய தொலைவு 60 மைலுக்கு மேல். குளிர் மிகுந்துழிப் பனியின் மேற்பரப்பு வழுக்குந் தன்மையை இழந்து மணல்போலாகும். இரு வண்டிகளையும் ஒருங்கே இழுத்தல் இயலாதாயிற்று. ஒரு வண்டியைச் சிறிது தொலைவு இழுத்துச் சென்று நிறுத்தி, மெழுகுவர்த்தி வெளிச்சத்திற் சுவடு பார்த்துத் திரும்பி வந்து மற்றதை இழுப்பர். ஒரு மைல் முன்னேற மூன்று மைல் நடந்தனர். வெப்பமானியில் பாரன்ஹீட் அளவையிற் சுழிக்குக் கீழ் 77 பாகைக்கு மேற் குளிர் காட்டிற்று. சென்டிகிரேட் அளவையில் இது சுழிக்குக் கீழ் 60 பாகையைக் கடந்தது. கூடாரத்தினின்று வெளிப்பட்டுத் தலைநிமிர்ந்த செர்ரி-கராட்டின் உடை அந்நொடியே இறுகிக் கவசம்போலாகி, நான்கு மணி நேரம் தலையைத் தாழ்த்த ஒட்டாமற் செய்தது. வியர்வையும் மூச்சும் உறைந்து படுக்கைப் பைகள் பலகைபோலாயின. திரும்பி வந்தபோது 18 இராத்தலாயிருந்த அவர் பை 45 இராத்தலாயிருந்தது.

அவ்விடுக்கணிலும் வில்சனார் ஆராய்ச்சியை நிறுத்தினாரல்லர். பிஸ்கோத்து, வெண்ணெய், பெம்மிக்கன் என்னும் உலரிறைச்சிக் கலவை ஆகியவற்றை மூவரும் வெவ்வேறளவில் உண்டு, எவ்வுணவு குளிர்க்கு ஏற்றதெனச் சோதித்தனர். மற்றவர் சோர்ந்துழித் திரும்புவோமா என வினவுவார். அவர் ஒருமுறையும் உடன்பட்டிலர்.

19 நாட் கடந்து ஜூலை 15-இல் குரோசியர் முனையை அடைந்தனர். டெர்ரர் மலைச்சாரலிற் கல்லடுக்கிச் சுவரெழுப்பி, சறுக்கு வண்டியை விட்டமாக்கி, தடித்த துணியாற் கூரையிட்டனர். ஜூலை 20-ஆம் நாள் நண்பகலின் மங்கிய வெளிச்சத்தில், பிளந்தும் குவிந்துங் கிடந்த பனிப்பாறைகளினூடே இறங்கிப் பறவைகளை அடைந்தனர். முன்னாளில் ஆயிரக்கணக்காய் நின்ற இடத்தில் ஏறத்தாழ நூறே நின்றன. மனிதரைக் கண்டு அவை ஓடின. ஆயினும் பாதத்தின்மேலிருந்த முட்டையை விடாது நடந்தன. முட்டையிழந்தவை சில, முட்டை வடிவான பனிக்கட்டியைக் காலின்மேல் ஏந்தி அடைகாத்து நின்றன. தாய்மை என்றும் தந்தைமை என்றும் நாம் சொல்லும் அவ்வுணர்ச்சி அறிவையுங் கடந்து நிற்பதை அம்மூவரும் அவ்விருளிற் கண்டனர். அவ்விருளிற் புகைப்படம் எடுக்க வழியில்லை. கண்ணும் நினைவுமே கருவிகள்.

ஐந்து முட்டைகளை எடுத்தனர். மலையேறி மீளுங்கால் இரண்டு உடைந்தன, மூன்று எஞ்சின. அடுப்புக்குக் கொழுப்பு வேண்டிப் பறவைகள் மூன்றனையும் கொல்ல நேர்ந்தது. அன்றிரவே, அடுப்பிற் கொதித்த கொழுப்பு தெறித்து வில்சனாரின் கண்ணிற் பட்டது. ஓரிரு நாளிற் பெரும் பனிப்புயல் எழுந்தது. வெளியே நின்ற கூடாரத்தைக் காற்று வாரிச் சென்றது. ஜூலை 23-ஆம் நாள், வில்சனாரின் 39-ஆம் பிறந்தநாளன்று, குடிலின் கூரையும் கிழிந்து பறந்தது. கூடாரமின்றித் திரும்புதல் இயலாது. இயலாதெனின் சாதலே முடிவு. மூவரும் படுக்கைப் பைகளுட் கிடந்தனர். பனி அவர்மேற் படிந்தது. அந்நிலையிலும் ஞானப்பாட்டுகளைப் பாடினர். இடையிடையே வில்சனார் மற்றவர் உயிரோடுளரா எனத் தட்டிப்பார்த்தார். காற்றுச் சிறிது தணிந்ததும் தேடப் புகுந்தனர். அரை மைல் தொலைவில், சரிவின் அடியில், கூடாரம் மடங்கியவாறு கிடந்ததைப் பௌவர்ஸ் கண்டெடுத்தார். மீளும் வழியிற் பௌவர்ஸ் அக்கூடாரத்தைக் கயிற்றாற் றம்முடலோடு பிணைத்துக்கொண்டே உறங்கினார். இனி அது பறப்பின் தாமும் உடன்செல்வதெனத் துணிந்தாற்போலும்.

ஆகஸ்டு முதல் நாள் மூவரும் எவன்ஸ் முனைக்கு மீண்டனர். அவர்கள் மேசையைச் சூழ்ந்து உண்ணும் படத்தைப் பாண்ட்டிங் எடுத்துள்ளார். ஐந்து வாரத்திற் பல்லாண்டு மூத்தாற்போன்ற அம்முகங்களைக் கண்டார் அப்படத்தை எளிதில் மறவார்.

இறுதிப் பயணம்

1911 நவம்பர் முதல் நாள் ஸ்காட் துருவம் நோக்கிப் புறப்பட்டார். இறுதிவரை சென்ற ஐவருள் வில்சனாரும் பௌவர்ஸும் இருந்தனர். 1912 ஜனவரி 17-இல் துருவத்தை அடைந்தபோது, நார்வே நாட்டு ஆமுண்ட்சென் 34 நாட்களுக்கு முன்னரே ஆங்கு வந்து சென்றமை தெரிந்தது. பிறர் ஊக்கமிழந்த அவ்விடத்தும் வில்சனார் ஆமுண்ட்சென் விட்டுச்சென்ற கூடாரத்தை அமைதியாய் வரைந்தார். மீளும் வழியில், பியர்ட்மோர் பனியாற்றின் கரையில், கல்லாய்ச் சமைந்த இலைப்படிவுகளைக் கண்டு 35 இராத்தல் கற்களைத் திரட்டினர். அவற்றுட் குளோசாப்டெரிஸ் என்னும் பண்டைச் செடியின் இலையும் இருந்தது. நம் இந்திய நாட்டு நிலக்கரிப் பாறைகளிற் காணப்படும் செடியும் அதுவே. கோண்டு மக்கள் வாழும் நிலத்தாற் பெயர்பெற்ற கோண்டுவானா என்னும் பெருங்கண்டத்தில் இந்தியாவும் தென்துருவ நிலமும் ஒருகாலத்து இணைந்திருந்தன என்பதற்கு அவ்விலை ஒரு சான்றாய் நிற்கின்றது.

பிப்ரவரி 17-இல் எட்கர் எவன்ஸ் இறந்தார். மார்ச்சுத் திங்களின் நடுவில், பிறர்க்குத் தாம் சுமையாகலாகாதெனக் கருதிய ஓட்ஸ், புயலினுள் நடந்து மறைந்தார். எஞ்சிய மூவரும், உணவுக் கிடங்கிற்கு 11 மைல் இப்பால், புயலால் அடைபட்டுக் கூடாரத்தினுள் உயிர்நீத்தனர். நவம்பர் 12-இல் அவர்களைக் கண்டெடுத்தபோது, ஸ்காட்டின் கை வில்சனார் மேற் படிந்திருந்தது. அவர் உறங்குவார்போன்று மார்பிற் கைகோத்துக் கிடந்தார். சுமையைக் குறைத்தற்காகவும் எறியப்படாத அக்கற்கள் அருகே இருந்தன.

மூன்று முட்டைகளின் பயன்

1913-இல் செர்ரி-கராட் அம்முட்டைகளை இலண்டன் இயற்கை வரலாற்றுக் காட்சிச்சாலைக்குக் கொண்டுசென்றார். ஆங்குத் தக்க வரவேற்பின்றி நெடும்பொழுது காத்திருக்க நேர்ந்ததென அவர் பின்னாளில் எழுதினார். கருக்கள் பல அறிஞர் கைமாறின; 1934-இல் வெளிவந்த அறிக்கை, அவற்றாற் பெரிதும் புதியதொன்றும் விளங்கவில்லையென முடித்தது. கரு தன் முன்னோர் படிகளை அப்படியே கடக்கின்றதென்னுங் கொள்கை முன்னரே தளர்ந்திருந்தது. பேரரசப் பெங்குவினும் தொன்மையான பறவையன்று. பறந்த முன்னோர்வழி வந்ததே. இறகின் வரலாற்றைக் காட்டும் சான்று, 1996 முதற் சீன நாட்டிற் கிடைத்த, இறகுடைய டைனோசார்களின் கற்படிவங்களால் வேறு வழியிற் கிடைத்தது.

ஆயின், மூவர் உயிரைப் பணையம் வைத்த அப்பயணம் வீணோ? இவ்வினா என் உள்ளத்தை நெடுநாள் உறுத்திற்று. தவறான ஒரு கொள்கையை நம்பிப் புறப்பட்டனர் என்பது மெய்யே. இளைஞர் இருவரைச் சாவின் வாயில்வரை அழைத்துச் சென்றார் என்பதும் மெய்யே. அதனை மறைத்துப் புகழ்தல் அவர்க்கே ஒவ்வாது. எனினும் ஒரு கொள்கை தவறென அறிதற்கும் எவரேனுஞ் சென்று பார்த்தல் வேண்டும். பாராது கூறும் மறுப்பும் பாராது கூறும் உடன்பாடும் ஒரு நிகரே. முட்டையிற் காணாததைப் பறவையினிடம் கண்டனர். குளிர்கால நள்ளிருளில் அப்பறவை அடைகாத்து நிற்றலை மனிதக் கண் கண்டது அன்றே. மற்றொன்றும் எண்ணத்தக்கது. பறவைகளை ஆராக் காதலோடு நேசித்த வில்சனார் அவற்றின் முட்டையைக் கவரவும் அவற்றைக் கொல்லவும் நேர்ந்தது. அறிவின் பசிக்கும் அன்பின் இரக்கத்துக்கும் இடையே அவர் நின்றார். தேவைக்கு மேல் ஒன்றனையும் கொன்றாரல்லர் என்பதே அவர்க்குரிய மதிப்பு.

அப்பிணக்கைப் பின்வந்தோர் சிறிது சிறிதாய்த் தீர்த்து வருகின்றனர். வானிற் சுழலும் செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்களிற் பனிமேற் படிந்த எச்சத்தின் பழுப்பு நிறத்தைக் கொண்டே பெங்குவின் குடியிருப்புகளைக் காண்கின்றனர். 2012-இல் வெளிவந்த கணக்கின்படி ஏறத்தாழ 2,38,000 இணைகள் இருந்தன. ஒரு பறவையையும் தொடாது எடுத்த கணக்கு அது! ஆயின் அதே படங்கள் துயரச் செய்தியையும் தருகின்றன. 2022-இல், கடற்பனி காலத்திற்கு முன்னரே உடைந்தமையால், பெல்லிங்ஸ்ஹாசன் கடற்பகுதியில் ஐந்து குடியிருப்புகளுள் நான்கில் குஞ்சுகள் பிழைக்கவில்லை. வில்சனார் காலத்திற் குளிரே அப்பறவைக்குப் பகையெனத் தோன்றிற்று. குளிர் குறைதலே அதற்குப் பகையென்பதை நாம் காண்கின்றோம்.

நிற்க. ஸ்காட் தம் இறுதி நாட்களில் மனைவியார்க்கு எழுதிய மடலில், தம் இளமகனுக்கு இயற்கையில் நாட்டமுண்டாக்குமாறு வேண்டியிருந்தார். வில்சனாரோடு பழகிய பழக்கமே அவ்வேண்டுகோட்குக் காரணமாகலாம். அம்மகன் பீட்டர் ஸ்காட் புள்ளோவியராய் வளர்ந்து, 1946-இல் ஸ்லிம்பிரிட்ஜில் நீர்ப்பறவைகட்குப் புகலிடம் அமைத்தார். 1961-இல் உலக வனவுயிர் நிதியத்தை நிறுவினோருள் ஒருவரானார். அவருடைய அன்னையாராகிய சிற்பக் கலைஞர் காத்லீன் ஸ்காட்டே செல்ட்டனம் நகரில் நிற்கும் வில்சனாரின் உருவச்சிலையைச் செதுக்கினவர். அச்சிலை 1914-இல் திறக்கப்பெற்றது.

கற்றலும் அன்பும் ஒருவரிடத்தே கூடி நிற்றல் அரிது. துன்பக் காலத்தும் அவ்விரண்டும் பிரியாது நிற்றல் அதனினும் அரிது. வில்சனார் 39 ஆண்டே வாழ்ந்தார். கண்டதைக் கண்டவாறு எழுதுதலும், உடன்வருவாரைக் காத்தலும், நாடிய பொருள் கிட்டாதவிடத்தும் உழைப்பை வெறாமையும் அவர் வாழ்வு நமக்குக் கற்பிப்பன. நம் வீட்டு முற்றத்து மைனாவையும் காக்கையையும் கூட நாம் ஒருநாளேனும் அமர்ந்து கூர்ந்து நோக்கினோமில்லை. அதற்குப் பனிநிலஞ் செல்ல வேண்டுவதின்று; பொறுமை ஒன்றே போதும்.